இறம்பொடை வரை போன வீட்டு வேன்

எனக்கு அப்போது ஆறு வயது. உம்மாவின் தங்கச்சியான சாச்சிக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள் போயும் பிள்ளையில்லை. எங்கள் வீட்டிலோ நாலு பெண்பிள்ளைகள், கடைக்குட்டி நான். எங்களில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவது. "ஒரு புள்ளய எனக்குத் தாங்க, தாத்தா" என்று சாச்சி உம்மாவிடம் கேட்டிருக்கிறார். உம்மாவும் அழுது தீர்த்துவிட்டுச் சரி சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனைதான்: பிள்ளை உம்மாவைத் தேடாமல் ஓர் இரவு அவர்களோடு தங்க வேண்டும். தங்கிவிட்டால் அப்படியே தங்கள் ஊரான அம்பிட்டியவுக்குக் கூட்டிப் போய் வளர்க்கலாம். இதெல்லாம் கெலிஓயாவில் எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும், எனக்குத்தான் தெரியாது.

சாச்சியின் கணவரான சாச்சா சவூதியில் சாரதியாக இருந்துவிட்டு வந்தவர். வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடலாமென்று ஒரு பழைய வேனை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கைகழுவும் பேசின் எல்லாம் வைத்து அதை ஒரு வீடாக்கியிருந்தார். சாச்சி ஜன்னல்களுக்குப் பூப்போட்ட திரை தைத்திருந்தார். அவர்கள் போட்ட கணக்கு எனக்கு இப்போது விளங்குகிறது. இன்னொரு வீட்டில் படுக்க வைத்தால்தானே பிள்ளை அழும்? வீடே மலையும் ஆறுமாக ஓடிக்கொண்டிருந்தால் அழ எங்கே நேரம்? பாவம், பிள்ளை வளர்த்துப் பழக்கமில்லாதவர்கள்.

புறப்பட்ட அன்று உம்மா என் பெருநாள் சட்டையையும் பையில் வைத்தார். மலை பார்க்கப் போவதற்கு எதற்குப் பெருநாள் சட்டை என்று நான் கேட்கவில்லை, கேட்டால் வெளியே எடுத்துவிடுவாரோ என்ற பயம். வாப்பா வழியனுப்ப வரவேயில்லை, கடையிலேயே இருந்துகொண்டார்.

கம்பளை வரை மகாவலி கூடவே வந்தது. அதற்குப் பிறகு தேயிலை மலை, வளைவுக்கு மேல் வளைவு. நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன். பேசினில் பொம்மையைக் குளிப்பாட்டினேன். புசல்லாவையில் நிறுத்தி சாச்சி முட்டை பொரித்துத் தந்தார், அப்படியொரு ருசி. கொத்மலை நீர்த்தேக்கம் கீழே தெரிந்ததும் சாச்சா ஹோர்ன் அடித்து, "பாரு மகள், கடல்!" என்று புளுகினார். "போங்க சாச்சா, கடல்ல அலை ஈக்கும்" என்றேன் நான். சாச்சி வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

இறம்பொடையில் அருவி தெரியும்படி வேனை நிறுத்தினார்கள். மஃரிப் தொழுதுவிட்டு சாச்சி எனக்குத் தலை பின்னிவிட்டார். கட்டிலில் புது விரிப்பு விரித்தார். நான் திரையை விலக்கிப் பார்த்தேன், மலையெல்லாம் கறுத்துக்கொண்டு வந்தது.

"எப்ப சாச்சி ஊட்டுக்குப் போற?"

"இதும் ஊடுதானே, தங்கம்."

"இல்ல. இங்க உம்மா இல்லியே."

அவ்வளவுதான், பிடித்தது அழுகை. பிஸ்கட், பொம்மை, சாச்சாவின் குரங்குச் சேட்டை, எதற்கும் நான் மசியவில்லை. "கொஞ்சம் அழுவா, பொறவு பழகிருவா. எல்லாப் புள்ளயும் அப்படித்தான்" என்றார் சாச்சா. அவர் சொன்னது சரிதான். கொஞ்ச நேரம் விட்டிருந்தால் நானே ஓய்ந்திருப்பேன், அப்படியொன்றும் வைராக்கியக்காரி அல்ல நான். ஆனால் சாச்சி என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "வேன எடுங்க" என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு சாச்சி யாரிடமும் பிள்ளை கேட்கவில்லை. உம்மாதான் நான் பெரியவளான பின் ஒரு நாள் இதையெல்லாம் சொன்னார். அன்று நான் அழுதது பிழையென்று இப்போதும் நினைக்கவில்லை, ஆறு வயதுப் பிள்ளை வேறென்ன செய்யும்? ஆனால் விஷயம் தெரிந்த பிறகாவது ஒரு நாள் அம்பிட்டியவுக்குப் போய் சாச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பேசியிருக்கலாம். பேசவில்லை. எப்படித் தொடங்குவது என்று யோசித்தே நாளைக் கடத்தினேன். போன வருடம் அவர் மௌத்தாகிவிட்டார். நெஞ்சு ஆறவேயில்லை எனக்கு.

அன்றைக்குத் திரும்பும் வழியில், வேன் ஆடிய ஆட்டத்தில், சாச்சியின் மடியிலேயே எனக்குக் கண் சொருகிவிட்டது. சாச்சா கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். வேகத்தைக் குறைத்தார்.

"ஒறங்கிட்டா. திருப்பவா? காலைல எல்லாம் சரியாகிரும்."

எனக்குப் பகீரென்றது. கண்ணைத் திறக்காமல் அப்படியே கிடந்தேன். சாச்சி வெகுநேரம் என் தலையைத் தடவிக்கொண்டேயிருந்தார்.

"வேணாம்" என்றார் கடைசியில். "முழிச்சு உம்மாவத் தேடினா நான் என்னத்தச் சொல்ல? ஓட்டுங்க."

வேன் திரும்பவில்லை. அப்பாடா என்று நான் நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.