மாடுகள் கேட்ட பூகோளம்

ராசிபுரத்தில் நான் நான்காம் பாரம் படித்தபோது, பூகோள வாத்தியார் எங்களைத் தினசரி அட்டவணை எழுதச் சொன்னார். "எதை உங்களால விடவே முடியாதோ அதை மொதல்ல எழுதுங்க. மத்ததெல்லாம் அதைச் சுத்தி வரட்டும்" என்றார்.

ஏறக்குறைய எல்லோரும் விடியற்காலைப் படிப்பை முதலில் எழுதினோம். "இத்தனை பேரும் எந்திரிச்சா இந்த ஊருல சேவலுக்கு என்னடா வேலை?" என்று கேட்டபடி வாத்தியார் தாள்களைப் புரட்டினார்.

என் பக்கத்தில் உட்காருபவன் மட்டும் 'பந்து' என்று எழுதியிருந்தான். பள்ளிக்கூடக் கால்பந்துக் குழுவில் கோல் காப்பவன் அவன். விடிந்ததும் தோட்டத்துக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டுவான். மாடுகள் சரிவில் இறங்க, கிணற்றிலிருந்து தோல்சால் தண்ணீரோடு மேலே வரும்; அவை பின்னுக்கு நடந்து ஏற, சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். மாலையில் பந்து. இருட்டினால் தூக்கம்.

"படிப்பு எங்கடா?"

"எடமில்லீங்க."

"சேலத்துப் பந்தயத்துக்கு முன்னால காவிரிப் பாடத்தை ஒப்பிக்கணும். இல்லேன்னா கோல்ல வேற ஆள் நிப்பான்" என்றவர், அவனுக்கு நேரம் கண்டுபிடிக்கும் வேலையை என்னிடம் விட்டார்.

"கவலை ஓட்டறப்ப வாய் சும்மாதானே இருக்குது? அப்பப் படி" என்றேன். பந்தும் பறிபோகாது என்பதால் உடனே ஒப்புக்கொண்டான்.

மறுநாள் முகம் தொங்கிப்போய் வந்தான். "மாடு நவுர மாட்டேங்குதுடா. வாய்க்கால்ல இருந்து எங்கய்யன் சத்தம் போடறாரு."

அவன் வாய் சும்மா இருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இறைப்புப் பாட்டைக் கேட்டே அந்த மாடுகள் நடந்து பழகியவை. பாடத்தை முணுமுணுத்தால் நின்றுவிட்டன. அன்று சாயங்காலமே காவிரியை இறைப்புப் பாட்டின் மெட்டில் போட்டோம். குடகில் பிறந்தாள், மேட்டூரில் நின்றாள், பவானியைச் சேர்த்துக்கொண்டாள். விடியலில் அவன் அதைப் பாடினான். மாடுகள் ஒரு கணம் யோசித்துவிட்டு இறங்கின.

ஒப்பிக்கும் நாளில் எழுந்து நின்றான். வசனமாக ஒரு சொல்லும் வரவில்லை.

"பாடலாமுங்களா?"

வாத்தியார் தலையசைத்தார். அவன் பாடிக்கொண்டே நாலடி முன்னால் வந்தான். பாட்டில் ஒரு வரி முடிந்ததும், மாட்டைப் பின்னுக்கு நடத்துகிறவன் போல நாலடி பின்னால் போனான். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவன் "ஹோய்... ஹோய்" என்று மாட்டை அதட்டினான். வாத்தியார் எங்கள் பக்கம் திரும்பாமல், சுவரிலிருந்த தேசப்படத்தில் பிரம்பை ஊர் ஊராக நகர்த்தினார். ஓர் ஊரும் தப்பவில்லை. பிரம்பு கடலுக்குப் போய்ச் சேர்ந்தது.

"சேலத்துக்குப் போய்ட்டு வா. கோல்ல நின்னுக்கிட்டுப் பின்னால மட்டும் நடந்துறாதே."

பந்தயத்தன்று காலையில் அவனுடைய அப்பா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். தலைத்துண்டு கையில் இருந்தது. மகன் சேலத்துக்குப் போய்விட்டதால், கவலை ஓட்டும் வேலை அன்று அவருக்கு.

"ஏஞ்சாமி, அந்தப் பாட்டு எப்பிடிங்க ஆரம்பிக்குது? பழைய பாட்டுக்கு ரெண்டு மாடும் காதைக்கூட ஆட்ட மாட்டேங்குது."

"குடகுல பொறந்தாளுங்க."

"அப்பறம்?"

"மேட்டூருல நின்னாளுங்க."

"நிக்கட்டும், நிக்கட்டும். அதுக்கு மேல எனக்கு நெனப்புல நிக்காது. மிச்சத்தை அவன் சேலத்துல இருந்து வந்து பாடட்டும்" என்று சொல்லிக்கொண்டே வேகமாகத் தோட்டத்துக்குத் திரும்பினார்.

சேலத்தில் அன்று எங்கள் கோலுக்குள் ஒரு பந்தும் போகவில்லை. தோட்டத்தில் காவிரி மேட்டூரைத் தாண்டவில்லை. ஆனாலும் வெங்காயப் பாத்தி முழுவதும் நனைந்திருந்தது.