நாலு சில்லும் ஒரு இடுப்பும்

எனக்கு எதையும் லேசில் நம்ப வராது. கடைக்காரர் இன்றைக்குத்தான் வந்தது என்று சத்தியம் பண்ணினாலும், வெண்டிக்காயை முனை முறித்துப் பார்க்காமல் வாங்கமாட்டேன். டொக்டர் நோகாது என்று சொன்னால், எவ்வளவு நேரத்துக்கு நோகாது என்று கேட்பேன். இப்படிப்பட்ட என்னையும் கூட்டிக்கொண்டு என் கணவர் பழைய குவாட் வாங்கப் புறப்பட்டார் என்றால், அந்த மனிதருடைய துணிச்சலை என்னென்று சொல்வது!

குவாட் என்பது மோட்டார் சைக்கிள் மாதிரிக் கைபிடி வைத்த, நாலு பருத்த சில்லுள்ள வண்டி. நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற வகை என்றால் சேறு, மலை, ஈரப்புல் எதிலும் ஏறும். பின்னால் ஒரு சின்ன இழுவைப்பெட்டியைக் கொழுவிவிட்டால் மரக்கறிப் பெட்டிகளைக் கொண்டு போகலாம். எங்களுக்கு அதுதான் தேவை. தேவை என்று சொல்வதுகூடக் குறைவு. அது இல்லாவிட்டால் தோட்டம் இல்லை.

ஜெர்மனியில், டுசல்டோர்ஃப் நகரத்திலிருந்து கிழக்கே மலைப்பக்கம் ஒரு மணித்தியாலம் ஓடினால் வருகிற ஊரில், ஒரு வயதான விவசாயியிடம் சரிவான நிலமொன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தேன். மேலே பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் கத்தரி, பச்சைமிளகாய், பாகல். வெளியே கீரை. கீழே தெரு. பிடுங்கினதெல்லாம் கீழே இறங்கவேண்டும், பசளையெல்லாம் மேலே ஏறவேண்டும். நகரத்துத் தமிழ்க் கடைகளில் என்னுடைய பாகற்காய்க்கென்றே சனிக்கிழமைகளில் ஆட்கள் வருவார்கள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வருடக்கணக்காகச் சட்டி கழுவின எனக்கு, இந்த நாட்டில் 'இது என்னுடையது' என்று சொல்ல இருந்தது அந்தச் சரிவு ஒன்றுதான்.

அதற்குள் என் வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், வெட்டி, புதியது வைத்தார்கள். நடக்கலாம், குனியலாம், பாரம் தூக்கிக்கொண்டு மலை ஏறக்கூடாது என்றார்கள். குத்தகையும் அந்த இலையுதிர்காலத்தோடு முடிகிறது. முதல் பனி விழுவதற்குள் ஓம் அல்லது இல்லை என்று சொல்லும்படி விவசாயி கேட்டிருந்தார். இல்லையென்றால் நிலம் குதிரை வளர்க்கிறவர்களுக்குப் போய்விடும்.

"விடுவமப்பா" என்றார் கணவர். "இனி என்னத்துக்கு இந்த உத்தரிப்பு?"

"நீங்கள் விடுங்கோ. நான் விடமாட்டன்."

அதன் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவில்லை. அதுதான் எனக்கு முதல் சந்தேகம். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் ஆயுள் முழுக்க வேலை செய்து ஓய்வு பெற்ற மனிதர், வாய் மூடி இருக்கிற ஆளில்லை. திடீரென்று சோபாவில் படுத்துக்கொண்டு கைத்தொலைபேசியில் குவாட் வீடியோ பார்க்கத் தொடங்கினார். பசளை ஏற்றுகிற வீடியோ என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. சேற்றுக்குள் பாய்ந்து, தண்ணீரை வாரி இறைத்து, ஆட்கள் ஊளையிடுகிற வீடியோக்கள்! அவருடைய பழைய வேலைக் கூட்டாளிகள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கைவிட்ட கல்லுடைக்கிற குழியொன்றில் குவாட் ஓடுவார்கள். காட்டுப் பாதைகளில் ஓடினால் இங்கே தண்டம் அடிப்பார்கள் என்றபடியால், காசு கட்டி அந்தக் குழிக்குள் ஓடி, தலை முதல் கால் வரை சேறாக வருவார்கள். எனக்கு விளங்கிவிட்டது. என் இடுப்பைச் சாட்டி இவர் தனக்கு விளையாட்டுச் சாமான் வாங்கப் பார்க்கிறார்.

"தோட்டத்துக்கோ, குழிக்கோ?" என்று நேராகவே கேட்டேன்.

"ரண்டுக்கும் ஓடும்" என்றார் வெட்கமில்லாமல்.

"ஓடுறது ஆர்?"

"தோட்டத்தில நீர்தான் ஓடோணும். நான் கடையளுக்குச் சாமான் கொண்டு போனா, மேல ஆர் நிக்கிறது?"

அதில் நியாயம் இருந்தது. நியாயமாகக் கதைத்தால் எனக்கு இன்னும் கூடுதலாகச் சந்தேகம் வரும்.

முதலில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். எல்லாம் புதிது, பளபளவென்று வரிசையாக நின்றன. விற்பனைப் பையன் நாங்கள் கேட்டதற்கெல்லாம் சிரித்தான். இது மலை ஏறுமா? ஏறும். இறக்கத்தில் தானாக ஓடிப்போகாதா? போகாது. சேற்றில் புதைந்தால்? புதையாது. பிழையே இல்லாத சாமான் உலகத்தில் உண்டா? நான் குனிய ஏலாமல் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அவனோ, "அம்மையார், ஒருக்கால் ஏறி இருந்து பாருங்கள்" என்றான். நான் நிமிர்வதற்குள் கணவர் என் முழங்கையைப் பிடித்துவிட்டார்.

"வேண்டாம், வாரும். சுக்கான் பாரமாக் கிடக்கு. உமக்குக் கை உளையும்."

சுக்கானை, அதுதான் அந்தக் கைபிடியை, அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்று, உள்ளங்கையை இருக்கையில் வைத்து, அதே மட்டத்தில் கையைத் தன் இடுப்புக்குக் கொண்டுவந்து பார்த்தார். அவ்வளவுதான். குழிக்குள் பாய்வதற்குத் தன் உயரத்துக்குச் சரிவருமா என்று அளக்கிறாராக்கும் என்று நினைத்தேன்.

இரண்டாவது இடம், பழைய டிராக்டர்களும் புல்வெட்டிகளும் விற்கிற வளவு. அங்கே ஒரு பச்சைக் குவாட். இழுவைக் கொளுக்கி உண்டு, மெதுவாகப் பாரம் இழுக்கிற கியர் உண்டு, தெருவில் ஓடவும் டிராக்டர் வகையில் பதிவாகியிருந்தது. குற்றம் பிடிக்கவென்றே போன எனக்கே குற்றம் அகப்படவில்லை. விற்கிறவர் இருக்கையைத் துணியால் துடைத்து, ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார். கணவர் மறுபடியும் கையை வைத்து அளந்தார். மறுபடியும் முழங்கையைப் பிடித்தார்.

"சங்கிலி கறள் பிடிச்சுக் கிடக்கு. வாரும் போவம்."

"இதில எங்கயப்பா சங்கிலி கிடக்கு? சங்கிலியே இல்லாத வண்டியெண்டு அந்தாள் இப்பதானே சொன்னது!"

"உமக்கு விளங்காது, வாரும்."

காருக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினேன். இது விளையாட்டுச் சாமான் கதை இல்லை. விளையாட்டுக்கு வாங்குகிறவர் நல்ல வண்டியை வேண்டாம் என்பாரா? இவர் ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு நொட்டை சொல்லிச் சொல்லி, பனி விழும்வரை இழுத்தடித்து, தோட்டத்தை என் கையிலிருந்து நழுவவிடப் பார்க்கிறார். விடுவமப்பா என்று அன்றைக்குச் சொன்னவர்தானே! வாயால் வெல்ல ஏலாதென்று சுற்றுவழியால் வருகிறார். முப்பது வருடம் கூடக் குடும்பம் நடத்தினவளிடமே இந்த விளையாட்டு!

மூன்றாவது விளம்பரத்தை அவரே கண்டுபிடித்தார். காட்டு ஓரத்தில் விறகு வெட்டி விற்கிற ஒருவருடைய குவாட். படத்தில் சேறு பூசி, சாய்ந்துகொண்டு நின்றது.

"இதென்ன கோணலா நிக்குது? அச்சு வளைஞ்சுதோ?" என்றேன்.

"நிலம் கோணல்" என்றார். "இதைப் பாக்கத்தான் வேணும்." அப்படி அவர் அடம்பிடித்தது எனக்குப் புதினமாக இருந்தது. சனிக்கிழமை வரச் சொன்னார்கள்.

போய்ச் சேரப் பதினொரு மணி. வண்டியைக் கண்டதும் எனக்குப் பிடித்தது, ஆனால் முகத்தில் காட்டவில்லை. கைப்பையிலிருந்து கோயிலில் தந்த நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன்.

"பொறுங்கோ. ராகுகாலம்."

"சனிக்கிழமை ராகுகாலம் பத்தரையோட முடிஞ்சுது" என்றார் கணவர்.

"அது ஊரில. இஞ்ச சூரியன் எழும்பினதே பிந்தி. இது இந்த நாட்டுக்குக் கணிச்ச கலண்டர். பன்ரண்டு மணி மட்டும் கிடக்கு."

"விசர்க் கதை கதையாதையும். அந்தாள் பாத்துக்கொண்டு நிக்குது."

"நிக்கட்டும். ராகுகாலத்தில வாங்கின வண்டியில நான் மலையில ஏறமாட்டன். தொடக்கூட மாட்டன்."

விறகுக்காரருக்கு ராகுவைப் பற்றி ஜெர்மன் மொழியில் என்னவென்று விளங்கப்படுத்துவது? "கொஞ்சம் யோசிக்கவேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுக்கியிருந்த மரக்குற்றியில் போய் இருந்தேன். கணவரும் பெருமூச்சு விட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தார். இரண்டு பேரும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். இடைக்கிடை நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

அந்த மனிதர் முதலில் சிரித்தார். பிறகு கோப்பி கொண்டுவந்தார். பிறகு வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். நாங்கள் எழும்பவில்லை. அவர் நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வண்டியைச் சுற்றி வந்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி சுற்றினார். இந்த இரண்டு கறுப்பு ஆட்களும் எதையோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அவருக்குப் பட்டிருக்கவேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என்னைப் பார்த்துச் சந்தேகப்படுவதை நான் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவராலேயே தாங்க முடியவில்லை. எங்கள் முன்னால் வந்து நின்றார்.

"சரி. உங்களுக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. குளிர்நாளில் முன்சில்லு இரண்டும் சில வேளைகளில் பிடிக்காது. நாலு சில்லையும் சேர்க்கிற பொத்தானில் கோளாறு. நான் சொல்லத்தான் இருந்தேன்."

சொல்லத்தான் இருந்தாராம்! மலையில் பாரத்தோடு ஏறும்போது முன்சில்லு பிடிக்காவிட்டால் என் கதி என்ன? கணவருடைய விலாவில் இடித்தேன். "பாத்தீங்களே என்ர ராகுவை!" அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தொழிற்சாலைக் கை சும்மா இருக்குமா, விறகுக்காரரோடு சேர்ந்து பொத்தானைக் கழற்றினார். உள்ளே பாசிபிடித்த மாதிரிப் பச்சையாக இருந்தது. சுரண்டித் துடைத்துப் பூட்டினார்கள். புதுப் பொத்தான் தன் செலவில் வாங்கித் தருவதாக விறகுக்காரர் சொன்னார். சில்லுகளை உயர்த்திவிட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். நாலும் சுற்றின.

பன்னிரண்டும் கடந்தது. நான் எழும்பினேன். இந்த முறை முழங்கையைப் பிடிக்க அவருக்கு நான் இடம் கொடுக்கவில்லை. நேரே போய்க் கைபிடியைப் பிடித்து, இடது காலை ஊன்றி, வலது காலைத் தூக்கினேன்.

கால் வரவில்லை.

பாதி உயரத்துக்கு வந்தது, அங்கேயே நின்றது. இன்னும் தூக்க, புதிய மூட்டு உள்ளே ஆப்பு இறுக்கின மாதிரி நின்றுவிட்டது. மற்றப் பக்கம் போய், வலது காலில் நின்று இடது காலைத் தூக்கப் பார்த்தேன். கால் நடுங்கியது. விழுந்துவிடுவேன் என்று பயந்து கைபிடியை இறுக்கிப் பிடித்தேன். எஞ்சின், சில்லு, பொத்தான், விற்கிறவன், கட்டின புருஷன் என்று எல்லாவற்றையும் துருவித் துருவிப் பார்த்த எனக்கு, என் இடுப்பைப் பற்றி மட்டும் யோசனையே வரவில்லை. தோட்டம் போய்விட்டது என்று நினைத்தேன். அந்த அந்நிய மனிதருக்கு முன்னால் அழுகை வந்தது.

திரும்பிப் பார்த்தேன். கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைக் கண்டதும் எல்லாம் விளங்கியது.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப தொடக்கம்?"

"முதல் கடையில. சீற்று என்ர இடுப்புக்கு மேல நிண்டுது. உமக்கு ஏலாதெண்டு கண்டிட்டன்."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே! சங்கிலி எண்டும் சுக்கான் எண்டும் என்னைப் பேய்க்காட்டினீங்கள்!"

"கடையில ஆக்களுக்கு முன்னால உம்மை ஏறப்பண்ணி, ஏலாமல் நிக்கவிடச் சொல்லுறீரோ?" என்றார். அவருக்கும் கோபம் வந்திருந்தது. "சொல்லியிருந்தா நீர் அண்டைக்கே தோட்டத்தை விட்டிருப்பீர்."

அவர் விறகுக்காரரிடம் போய், விளம்பரப் படம் எடுத்த இடம் எது என்று கேட்டார். கொட்டிலுக்குப் பின்னால் ஒரு புல்சரிவு இருந்தது. வண்டியை அங்கே ஓட்டிக்கொண்டு போய்ச் சரிவுக்குக் குறுக்காக நிறுத்தச் சொன்னார். இடது பக்கம் மேட்டில், வலது பக்கம் பள்ளத்தில். மேட்டுப்பக்கம் போய் நின்றேன். அந்தப் பக்கத்து நிலம் உயர்ந்திருந்தபடியால் இருக்கை என் தொடையளவுக்கு இறங்கியிருந்தது. சமதரையில் மலை மாதிரி நின்ற அதே இருக்கை!

"அந்தப் படத்தைக் கண்டாப் பிறகுதான் யோசனை வந்தது. எங்கட தோட்டம் முழுக்கச் சரிவுதானே" என்றார் அவர். "எங்கயும் இப்பிடி நிப்பாட்டலாம். ஏறும்."

சொல்லிக்கொண்டே மறுபக்கம் போய், பள்ளத்தில் நின்று, வண்டியை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார்.

"கோதாரி, அதில நிக்காதேங்கோ! புரண்டால் உங்களுக்கு மேலதான் விழும்."

"தெரியும். ஏறும்."

ஏறினேன். வலது கால் இருக்கையை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் போய் விழுந்தது. விறகுக்காரர் கை தட்டினார். முதலில் கொஞ்சம் நேரே மேலே ஓடி, திரும்பி, மெதுவாக இறங்கி வந்தேன். நாலு சில்லும் புல்லைப் பிடித்துக்கொண்டு வந்தன. அன்று பின்னேரமே விவசாயிக்குத் தொலைபேசி எடுத்து, குவாட் வாங்கியாகிவிட்டது, ஓம் என்றேன். யார் ஓட்டப் போகிறது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

என் சந்தேகமும் முழுப்பிழை இல்லை, அதையும் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மனிதர் வண்டியைக் காரின் பின்னால் இழுத்துக்கொண்டு கூட்டாளிகளின் குழிக்குத்தான் போகிறார். ஊளையிடுகிறாரா என்று நான் கேட்பதில்லை. காதுக்குள்ளும் சேற்றோடு வருகிறவரிடம் என்னத்தைக் கேட்பது? எனக்கு வருகிற ஆத்திரத்தில் ஒரு கிழமைக்குப் பேசாமல் இருக்கலாம்.

ஆனால் திங்கட்கிழமை காலையில் நான் தோட்டத்துக்குப் போகும்போது, சேறெல்லாம் கழுவி, கூடாரத்துக்குப் பக்கத்தில் சரிவுக்குக் குறுக்காக வண்டி நிற்கும். இடது பக்கம் மேட்டில் இருக்கும். பள்ளத்துப் பக்கத்தில் அவர் நிற்பார்.