வரப்பில் நின்ற ஆட்டக்காரர்

சென்ற புதன்கிழமை காலை மீன்காரி ரோசம்மாள் குளச்சலில் இருந்து வந்து முற்றத்தில் கூடையை இறக்கினாள். வழக்கமாக விலையைச் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவாள். அன்றைக்கு விலை சொல்லவில்லை.

"பெரியவரே, ஒம்ம பறங்கி போயிட்டாரு. நேத்து மரச்சீனிக் கெழங்கும் சாளை மீனும் வயிறு நெறயத் தின்னாரு. அண்ணைக்கு ஆட்டத்துல செயிச்சது யாருண்ணு கேட்டாரு. படுத்தாரு. காலம்பற எந்திரிக்கல்லே."

"யாருண்ணு சொன்னியளா?" என்று கேட்டேன்.

"சொன்னோம். நம்ம ஆளுவதாமுண்ணு சொன்னோம்."

அது பொய். முந்தின நாள் நாம் தோற்றிருந்தோம். ஆனால் அந்தப் பொய்க்காக ரோசம்மாளிடம் அன்று பேரம் பேசாமல் மீன் வாங்கினேன்.

அன்று மாலையே பந்துக் கமிட்டியின் செயலாளர் பொன்னையா வந்தார். மறைந்தவர் நினைவாக ஊருக்கு ஒரு சமதள மைதானம் அமைக்கப் போகிறார்களாம். அவர் பெயரையே வைக்கப் போகிறார்களாம். அதற்கு என் வயலுக்கும் என் அண்ணன் வயலுக்கும் நடுவில் கிடக்கும் வரப்பை வெட்டி நிரப்ப வேண்டுமாம். இரண்டு பேரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். கூடவே, ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டத்தில் வாசிக்க அவரைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். ஒரு பக்கம் போதும் என்று இரண்டு முறை சொன்னார். ஒரு பக்கத்தில் அடங்குகிற ஆள் அல்ல அவர். ஆகவே என் பதிலையும் என் அஞ்சலியையும் சேர்த்தே எழுதுகிறேன். அவரோடு ஆடியவர்களும் அவருக்குக் கைதட்டியவர்களும் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

முதலில் வயலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கும்பப்பூ அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்கு ஏர் இறங்கும்வரை, மாசியிலும் பங்குனியிலும், எங்கள் வயல்தான் ஊருக்குப் பந்தாட்ட மைதானம். நான் முதலில் என் வயலைப் பையன்களுக்கு விட்டேன். நான் விட்டதைப் பார்த்துவிட்டு அண்ணன் மாசிலாமணியும் தன் வயலை விட்டார். அப்பா பாகம் வைத்தபோது போட்ட வரப்பு, முழங்கால் உயரத்தில், இரண்டு கோல் கம்பங்களுக்கும் சரி நடுவில் குறுக்கே கிடந்தது. அண்ணனுடைய ஆட்கள் ஒவ்வோர் உழவிலும் அந்த வரப்பைத் தங்கள் பக்கம் சீவி என் பக்கம் அணைக்கிறார்கள் என்பது என் வழக்கு. நான்தான் அப்படிச் செய்கிறேன் என்பது அவர் வழக்கு. இதில் என் வழக்குத்தான் சரி. இதன்பொருட்டு நாங்கள் பேசிக்கொள்ளாமல் இருபத்தோரு ஆண்டு ஆகிறது. ஒரே சபையில் ஆராதனைக்குப் போகிறோம். அவர் வடக்கு வாசலால் வருவார், நான் தெற்கு வாசலால் போவேன்.

வரப்பை வெட்டிவிடலாம், ஆட்டம் முடிந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று கமிட்டி அந்தக் காலத்திலேயே கேட்டது. வெட்டிய வரப்பு பழைய இடத்துக்குத் திரும்பாது என்று நான் சொன்னேன். அண்ணனும் அதையே சொல்லி அனுப்பினார். அத்தனை ஆண்டில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன காரியம் அது ஒன்றுதான்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் பெருவெள்ளம் வந்ததே, அதற்கு மறு வருஷம் அவர் வந்தார். போர்த்துக்கல் நாட்டுக்காரர். கப்பலில் எந்திரம் பார்க்கிற வேலை. காய்ச்சலோடு குளச்சலில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. மாதா கோயில் சாமியார் வீட்டில் கிடந்து பிழைத்தார். பிறகு மணல் அரிக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். பெயர் ஜுவாக்கீம். குளச்சலில் அதைச் சுவக்கீன் ஆக்கிவிட்டார்கள். தமிழைக் கடற்கரையில் கற்றதால் என்னையும், சாமியாரையும், கம்பெனி துரையையும் ஒரே மாதிரி "மக்கா" என்றுதான் கூப்பிடுவார். லிஸ்பன் நகரத்தில் சம்பளத்துக்குப் பந்தாடியவர். நடுவில் நின்று ஆடுகிறவர். சென்டர் ஹாஃப் என்பார்கள்.

முதல் நாள் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். அடியில் ஆணி ஆணியாக இருந்தது. ஓடி வந்த வேகத்தில் வரப்பில் இடறி, அண்ணன் வயலில் குப்புற விழுந்தார். ஊரே சிரித்தது. அவரும் கிடந்தபடியே சிரித்தார். பிறகு எழுந்து வந்து வரப்பின் மேல் ஏறி நின்று, இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். புதையல் கண்டவர் போல முகம் மலர்ந்தது.

நான் ஓடிப் போய், "ஓய், பூட்ஸைக் கழத்தும். என் வரப்பு பேந்து போவும்" என்றேன்.

"மக்கா, இது லிஸ்பன்ல போட்ட பூட்ஸாக்கும்."

"லிஸ்பன்ல ஒமக்கு வரப்பு உண்டா?"

யோசித்தார். "இல்லே" என்றார். கழற்றி என் கையில் தந்தார். அதை என் மாட்டுத் தொழுவத்து உத்தரத்தில் தொங்கவிட்டேன். பிறகு அவர் அதைக் கேட்கவே இல்லை. அந்த நாள் முதல் நம் பையன்களைப் போல வெறுங்காலோடுதான் ஆடினார்.

அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்ற இருபத்தொரு பேரும் கீழே நிற்க, அவர் ஒருவர் மேலே நிற்பார். எவன் எங்கே தனியாக நிற்கிறான் என்று அவருக்குத் தெரியும். வருகிற பந்து வரப்பில் மோதி எவ்வளவு எழும்பும் என்பது முதல் வாரத்திலேயே பிடிபட்டுவிட்டது. எழும்பின பந்தை இடது காலால் தொடுவார். அவருக்கு எல்லாமே இடது கால்தான். தொட்ட பந்து, ஓடுகிறவன் இன்னும் போய்ச் சேராத இடத்தில் போய் அவனுக்காகக் காத்திருக்கும். அவர் கோல் அடித்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை கேட்டேன். "கோல் அடிக்கியவன் மாப்பிள்ளை, மக்கா. நான் கல்யாண வீட்டுச் சமையக்காரன். மாப்பிள்ளை பட்டினி கெடப்பான். சமையக்காரன் கெடக்க மாட்டான்" என்றார்.

அது உண்மைதான். ஆட்டத்துக்கு முன்னால் என் வீட்டில் சாப்பிடுவார். ஆட்டம் முடிந்ததும் அண்ணன் வீட்டில் சாப்பிடுவார். விளையாட்டு தனக்குத் தொழில் என்றும், தொழில்காரனுக்கு இரண்டு நேரமும் சோறு உண்டு என்றும் சொல்வார். அண்ணன் வீட்டில் உண்கிறவரோடு எனக்குப் பேச்சு இருக்கக் கூடாது. ஆனாலும் அவரோடு கோபித்துக்கொள்ள எனக்கு வரவில்லை.

நாகர்கோவிலில் இருந்து ஒரு பெரிய அணி வந்த நாளை மறக்க முடியாது. அவர்கள் காப்டன் வரப்பைப் பார்த்ததும், இந்த இடத்தில் ஆட மாட்டோம் என்றார். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். சென்னையில் இருந்து தபாலில் பந்தாட்ட விதிப் புத்தகம் வரவழைத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓராண்டு உட்கார்ந்து படித்தவன். எனக்கு வந்த இங்கிலீஷ் முழுவதும் அந்தப் புத்தகத்தில் இருந்து வந்ததுதான். புத்தகத்தோடு மைதானத்தில் இறங்கினேன்.

"நீளம் இருக்கு, அகலம் இருக்கு, கம்பம் இருக்கு, கொடி இருக்கு. வரப்பு இருக்கப் பிடாதுண்ணு எங்க இருக்கு? காட்டும்."

"அதையெல்லாம் எழுதுவாங்களா ஐயா? தெரிஞ்ச காரியமாச்சே."

"தெரிஞ்ச காரியம் எத்தனாம் பக்கம்?"

ரெஃபரி புத்தகத்தை வாங்கி முதலில் இருந்து கடைசிவரை புரட்டினார். விசிலை ஊதிவிட்டார். அதற்குப் பிறகு நடந்தது ஆட்டமே அல்ல. அவர்கள் விழுந்தார்கள், எழுந்தார்கள், மறுபடி விழுந்தார்கள். சுவக்கீன் வரப்பில் நின்று ஒவ்வொருவரையும் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, தூக்கிவிட்ட கையோடு பந்தையும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

மறு ஆண்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் ஊரில், பள்ளிக்கூட மைதானத்தில்தான் ஆடுவோம் என்றார்கள். அது பாய் விரித்தது போலச் சமதளம். "வரப்பு இல்லாத எடத்துல அந்த ஆளு எதுக்கு?" என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். கேட்டவர் யார் என்று நான் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார். கடைசியில் அரை மனதோடு சேர்த்துக்கொண்டார்கள். ஆட்டம் தொடங்கியது. அந்தக் கமிட்டிக்காரர் கேட்டது சரிதானோ என்று எனக்கே பயமாகிவிட்டது. சுவக்கீனுக்கு அப்போது முப்பத்தைந்து வயது தாண்டியிருக்கும். ஓட்டம் குறைந்துவிட்டது. இருட்டில் படியைத் தேடுகிறவர் போலக் காலை வைத்து வைத்துப் பார்த்தார். பந்து அவரைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. பாதி ஆட்டத்தில் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். அவர் தனியாகப் போய் உட்கார்ந்தார். அவரை வெளியே எடுத்துவிடலாம் என்று பேச்சு நடந்தது. அந்தக் காலத்தில் ஓர் ஆளை எடுத்துவிட்டால் மாற்று ஆள் கிடையாது. பத்துப் பேரோடு ஆடத் துணிந்துவிட்டார்கள்.

நான் கிட்டே போனேன். மைதானத்தின் குறுக்கே நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அதைக் காட்டினேன்.

"அது என்னது?"

"கோடு, மக்கா."

"கோடு இல்லே ஓய். எங்க வரப்பாக்கும். வெள்ளை அடிச்சு வச்சிருக்கான். ஏறி நில்லும்."

என்னைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆட்டம் தொடங்கியதும் அந்தக் கோட்டின் அருகில் போய், முழங்காலை உயர்த்தி, மேலே ஏறுகிறவர் போலவே கால் வைத்து நின்றார். அவர் உயர்ந்துவிட்டார். சாரமில்லாத பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். நான் கண்ணால் பார்த்தேன். தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்தார், எப்போதும் பார்ப்பது போல. அதன்பின் பந்து அவரைத் தாண்டவில்லை. இரண்டு கோல் போட்டு வென்றோம். மைதானத்தின் மறுபக்கத்துக் கூட்டத்தில் ஒரு துணி காற்றில் சுழன்றது. யாருடைய தலைமுண்டோ என்று நினைத்தேன். அண்ணனுடைய மேல்வேட்டி.

கோல் அடித்த இருவரின் பெயரும் பத்திரிகையில் வந்தது. சுவக்கீன் பெயர் வரவில்லை. பத்திரிகைக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றையும் போடவில்லை. அந்த மூன்றின் நகலும் என்னிடம் இருக்கிறது. யார் கேட்டாலும் காட்டுவேன்.

பிறகு முழங்கால் வலி வந்து ஆட்டத்தை விட்டார். ஆனாலும் மாசி பிறந்தால் குடையோடு வந்து வரப்பில் உட்கார்ந்துவிடுவார். பையன்களை அங்கிருந்தே வைவார். எட்டொன்பது பருவம் அவர் கால் பட்டு மிதிபட்ட அந்த நடு இடத்தில் மண் செங்கல்லாக இறுகிவிட்டது. மம்பட்டி போட்டால் தெறிக்கும். ஒருநாள் நான் அவரையே சாட்சிக்கு அழைத்தேன்.

"இத்தன வருஷம் மேல நிண்ணவரு நீரு. வரப்பை நகத்துனது யாரு? உள்ளதைச் சொல்லும்."

குனிந்து, குரலைத் தாழ்த்தி, "ஒங்க அண்ணன் கள்ளன், மக்கா" என்றார். அன்று என் மனைவியிடம் சொல்லிக் கூடுதலாக ஒரு துண்டு நெய்மீன் போடச் சொன்னேன்.

இவ்வளவையும் எழுதி, வரப்பை வெட்டச் சம்மதம் இல்லை என்று அடியில் எழுதப் போகையில், இன்று காலை வாசலில் செருமல் கேட்டது. அண்ணன் நின்றார். எழுபதை நெருங்கிய ஆள். கம்பு ஊன்றி, வயலைச் சுற்றிக்கொண்டு ரோட்டு வழியாக வந்திருக்கிறார். உள்ளே வரவில்லை.

"ஏலே, பொன்னையா தாளோட வந்தானா?"

"வந்தான்."

"ஒப்பு போட்டியா?"

"இல்லே."

"போட்டிராதே. அவன் பேருல மைதானமாம், அதுல வரப்பு இல்லியாம். பின்ன அவன் எங்க நிப்பான்?"

இருபத்தோரு ஆண்டுக்குப் பிறகு அண்ணன் என்னிடம் பேசிய பேச்சு அது. நான் நாற்காலியை எடுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். பிறகு, "நீதான் கள்ளன்னு அவன் எங்கிட்ட சொல்லியிருக்கான், தெரியுமா?" என்றார்.

"எங்கிட்ட ஒங்களைச் சொன்னாரு, அண்ணன்."

அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளிருந்து என் மனைவி பயந்து எட்டிப் பார்த்தாள்.

ஆகவே கமிட்டிக்கு எங்கள் இருவரின் பதிலும் ஒன்றே. வரப்பு கிடக்கும். மைதானத்துக்கு அவர் பெயரைத் தாராளமாக வையுங்கள். அந்த இறுகின நடு இடத்தில் மம்பட்டி விழக் கூடாது.

போகும்போது அண்ணன் தொழுவத்துப் பக்கம் நின்று உத்தரத்தைப் பார்த்தார். "அதுல ஒண்ணு எனக்குத் தா" என்றார். கேட்டது நியாயம். அவரும் சோறு போட்டிருக்கிறார். பூட்ஸை இறக்கித் தூசி தட்டி, வலது காலைக் கொடுத்தேன். இடதை நான் வைத்துக்கொண்டேன். சுவக்கீனின் ஆட்டம் முழுவதும் எந்தக் காலில் இருந்தது என்று அண்ணனுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் வலதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வந்த ரோட்டை விட்டுவிட்டு வரப்பு வழியாக நடந்து போனார்.