அம்மா சொன்ன ‘இல்லி’

எங்கள் தெருக்காரர்கள் வாயைத் திறந்தால் கன்னடம்தான். எழுதத் தெரியாத கன்னடம்; மைசூர்க்காரர் கேட்டால் சிரிப்பார். எந்தக் காலத்திலோ வந்திறங்கிய நெசவுக் கூட்டம் நாங்கள். திருவிழாவில் மார்பில் கத்தியால் அடித்துக்கொண்டு அம்மனை அழைப்பதும் அந்தப் பேச்சில்தான், புருஷன் பெண்டாட்டி சண்டையும் அந்தப் பேச்சில்தான். குண்டடத்துக் காய்க்காரர்கூட எங்கள் தெருவுக்குள் நுழைந்தால் கத்தரிக்காயை ‘பதனெகாயி’ என்றுதான் கூவுவார்.

பள்ளிக்கூடத்தில் ஒருநாள் வாத்தியாரிடம் வாய் தவறி எங்கள் பேச்சில் பேசிவிட்டேன். வகுப்பே சிரித்தது. நான் அழுதுவிட்டு மறந்துபோனேன். அப்பாதான் மறக்கவில்லை. தறியை விட்டுப் பனியன் கம்பெனியில் சேர்ந்ததும், தங்கை கைக்குழந்தையாக இருக்கும்போதே, தெருவைக் காலி செய்து திருப்பூருக்குள் குடிவந்தார். சின்னவளாவது தலை நிமிர்ந்து பேசட்டும், இனி அவள் காதில் தமிழ் மட்டும்தான் விழ வேண்டும் என்றார். அதையும் கன்னடத்தில்தான் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற தாய் தன் பேச்சில் பிள்ளையைக் கொஞ்சக்கூடாதா என்று சண்டை போட்டேன். வாயாடி என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். அம்மா தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் தட்டுத்தடுமாறித் தங்கையை வளர்த்தாள்.

நான் கல்யாணமாகி வெள்ளகோவில் போய்ச் சில வருஷங்கள் கழித்து, அம்மாவைக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக ஆள் வந்து சொன்னார். மறுநாள் முதல் பஸ்ஸில் ஓடினேன். பெண்கள் வார்டு என்பதால் அப்பா வெளியே நின்றிருந்தார். தங்கைதான் உள்ளே துணைக்கு இருந்தாள். அம்மாவுக்கு நினைவு போவதும் வருவதுமாக இருந்தது.

“வலி ஏதாச்சும் சொன்னாங்களா கண்ணு?” என்று தங்கையிடம் கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லலீங்க்கா. நேத்து வயிறு நோகுதுங்களான்னு நர்சம்மா அமுக்கி அமுக்கிக் கேட்டாங்க. ‘இல்லி, இல்லி’ன்னாங்க. சரி, வெறும் காய்ச்சல்தான்னு நர்சம்மா போயிட்டாங்க.”

எங்கள் பேச்சில் ‘இல்லி’ என்றால் ‘இங்கே’. காய்ச்சல் வேகத்தில் அம்மாவுக்குத் தமிழ் மறந்துபோயிருக்கிறது. இங்கே, இங்கே என்று கதறியிருக்கிறாள். தொட்டுக் காட்டவும் வழியில்லை. ஒரு கையில் குளுக்கோஸ் ஊசி. மறு கையைத் தங்கை ஆசையாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே நின்ற அப்பாவிடமும் டாக்டரிடமும் ஓடிச் சொன்னேன். வயிற்றைப் பார்த்தவர் உடனே கோயமுத்தூர் கொண்டுபோகச் சொன்னார். குடல்வால் வெடித்துப் பரவிவிட்டது, நேற்றே வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார்கள் அங்கே. அம்மா போய்விட்டாள். பாவி மனுஷா, உன் தமிழ்தான் அவளைக் கொன்றது என்று அப்பாவைக் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்க முடியவில்லை.

காரியம் முடிந்து சொந்தமெல்லாம் கலைந்த அன்று தங்கை சுவரோரம் சுருண்டு கிடந்தாள். அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் தலையைத் தடவினார். “நன்னிந்த ஆய்த்து, மகளே” என்றார். என்னால்தான் ஆயிற்று என்றார். அவள் பிறந்ததிலிருந்து அவளிடம் அவர் எங்கள் பேச்சில் பேசியது அதுதான் முதல் தடவை.

தங்கை எழுந்து உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

“தமிழ்ல சொல்லுங்கப்பா. எனக்குப் புரியலீங்க.”