மூலை திரும்பும் முறை

களைப்பு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு நடைகூடம். ஓரிடத்தில் இருக்கப் பிடிக்காமல் நகரம் நகரமாக மாறி, எழுபதுகளின் கடைசியில் ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். துடைப்பது, தூக்குவது, ஊட்டுவது, மறுபடியும் துடைப்பது. வெளியே கரி படிந்த பனி. உள்ளே அவித்த முட்டைக்கோவாவின் மணம். என்னோடு யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவனும் வேலை செய்தான்.

அங்கிருந்த கிழவர் ஒருவர் முதலாம் உலகப் போரில் தாக்குதல் படையில் இருந்தவர். வரிசையாக எழுந்து நடந்து, இயந்திரத் துப்பாக்கியின் முன் வரிசையாகவே விழுந்து சலித்த பிறகு, சிறு குழுக்களாகப் பிரித்துக் கைக்குண்டுப் பையோடு அனுப்பினார்களே, அவர்களில் ஒருவர். எதிரியின் பதுங்கு அகழி நேராக இராது; வளைந்து வளைந்து போகும். வளைவுக்கு முன்னால் நிற்க வேண்டும். குண்டை அப்பால் எறிய வேண்டும். வெடித்ததும் பாய வேண்டும். பிறகு அடுத்த வளைவு.

இதையெல்லாம் அவர் கோபத்தில்தான் சொன்னார். சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகும் நடைகூடம் ஓரிடத்தில் திரும்பும். அங்கே வந்ததும் சுவரோடு ஒட்டி நின்றுவிடுவார்.

"எறியாமல் போகச் சொல்லுறியோ? உனக்கென்ன விசரே?"

ஜேர்மன் மொழியில்தான் கேட்டார். என் காதில் அது ஊர்ப் பேச்சாக விழுந்தது.

தம்பி முகம் துடைக்கும் துவாய் ஒன்றைச் சுருட்டி மூலைக்கு அப்பால் எறிந்தான். கிழவர் சற்றுப் பொறுத்தார். பிறகு கைத்தடியோடு விறுக்கென்று திரும்பி நடந்தார். அன்றிலிருந்து மதியம்தோறும் ஒரு துவாய். ஒருநாள் அது தலைமைத் தாதியின் முகத்தில் போய் விழுந்தது.

"எதிரி சாகேல்லை அண்ணை, கிட்ட வருது," என்றான் தம்பி.

"வாயை மூடடா. வேலை போகப்போகுது."

வேலை போகவில்லை. எறியக் கூடாது என்று உத்தரவு வந்தது. டாக்டர் வந்து பார்ப்பார் என்றும், கிழவர் தானாக மண்டபத்துக்கு வராவிட்டால் மேல்மாடிக்கு மாற்றுவோம் என்றும் தாதி சொன்னார். மேல்மாடி பூட்டியே கிடக்கும். அங்கிருந்து நடந்து இறங்கி வந்த ஒருவரை நான் கண்டதில்லை. கிழவரும் கண்டிருக்க மாட்டார்.

டாக்டர் வந்து, மூலைக்கு அந்தப் பக்கம், மண்டப வாசலில் நின்றார். கிழவர் இந்தப் பக்கம், சுவரில். அவருக்குப் பின்னால் நான், வெறுங்கையோடு.

"போங்கோ," என்றேன்.

"ஏலாது."

"அங்க ஒருத்தரும் இல்லை. டாக்டர் மட்டும்தான் நிக்கிறார்."

"அதைத்தான் சொல்லுறன். ஆள் நிக்குது."

நின்றோம். ஈரத் துணிபோல் கனத்தது நேரம். அவருடைய மூச்சு மட்டும் முன்னே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"பலமான இடத்தில முட்டக்கூடாது," என்றார், என்னிடமல்ல. "விட்டிட்டுச் சுத்திப் போகோணும். மிச்சத்தைப் பின்னால வாறவங்கள் பாப்பாங்கள்."

பக்கத்திலிருந்த சமையலறைக் கதவைத் தள்ளினார். ஆவி, பாத்திரச் சத்தம், சமையற்காரியின் ஏச்சு. எல்லாவற்றையும் கைத்தடியால் விலக்கிக்கொண்டு, பரிமாறும் வாசலால் மண்டபத்துக்குள் இறங்கித் தன் கதிரையில் உட்கார்ந்தார். நானும் பின்னாலேயே போனேன். டாக்டர் இன்னும் நடைகூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், ஆள் உங்களுக்குப் பின்னால," என்றான் மண்டபத்தில் நின்ற தம்பி.

சொன்ன வழியால் வரவில்லையே என்றார் தாதி. டாக்டர் சிரிக்கவில்லை, அவரும் களைத்துப்போயிருந்தார்.

"சாப்பிட வந்துவிட்டார்தானே. கீழேயே இருக்கட்டும்."

கிழவர் அதைக் கவனிக்கவில்லை. சூப்பையும் தொடவில்லை. தான் வந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மற்றவங்கள் எங்க?"

பின்னால் வரவேண்டியவர்கள். எந்த அகழியில், எந்த வளைவில் தங்கிவிட்டார்களோ.

"நான் வந்திட்டன்," என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ மட்டுமோ?"

"ஓம்."

"அப்ப கதவைப் பாத்துக்கொள்."

கரண்டியை எடுத்தார். சூப் முடியும்வரை நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.