கடைசித் தரிப்பிடத்துக் காடு

புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தபோது சமையலறை என்னைச் சுற்றி ஓடத் தொடங்கியது. முதலில் சன்னல் போனது. அடுப்பு போனது. பிறகு சன்னல் மறுபடியும் வந்தது. மேசையைப் பிடித்தேன், மேசையும் கூடவே வந்தது. கொஞ்ச நேரத்தில் நான் தரையில் கிடந்தேன், மா என் தலைமயிரில் கிடந்தது.

"என்னப்பா செய்யுது?" என்று என் கணவர் ஓடிவந்தார்.

"வீடு சுத்துது."

"வீடு அங்கையேதான் நிக்குது," என்றார். இருபத்தைந்து வருடக் குடும்பவாழ்க்கையில் இப்படித்தான் எனக்கு ஆறுதல் கிடைக்கும்.

நான் ஹம்பேர்க்கில் பேருந்து ஓட்டுகிறவள். அன்று எனக்குக் காலை வேலை. இன்னும் கொஞ்சம் பிந்தி அது வந்திருந்தால் பேருந்து நிறைந்த சனங்களோடு நடு வீதியில் இருந்திருப்பேன்.

தலைசுற்றோடு இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வரிகள் ஆடும் என்றும் தெரியும். அதனால்தான் பந்திகளைச் சின்னதாக எழுதுகிறேன். களைத்தால் விட்டுவிட்டுப் பிறகு வாருங்கள், கதை எங்கும் ஓடிவிடாது.

வைத்தியசாலையில் முதலில் பக்கவாதம் என்று சந்தேகித்தார்கள். தள்ளுகட்டிலில் கொண்டுபோகும்போது கூரை விளக்குகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஓடின. அவை உண்மையில் ஓடுகின்றனவா, என் தலைக்குள் ஓடுகின்றனவா என்று பிரிக்க முடியவில்லை. வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்தபடியே கடவுளோடு பேரம் பேசினேன். மூளையைப் படம் பிடித்தார்கள். பிறகு ஒரு இளம் வைத்தியர் என் முகத்தில் தடித்த கண்ணாடியை மாட்டி, தலையை இரண்டு கையாலும் பிடித்துச் சடாரென்று திருப்பிப் பார்த்தார்.

"பக்கவாதம் இல்லை," என்றார். நிஸ்டாக்மஸ் (கண்மணி தன்பாட்டில் ஒரு பக்கமாகத் துள்ளுவது) இருந்தது. நோயின் பெயர் வெஸ்டிபுலார் நியூரைட்டிஸ் (உட்காதிலிருந்து மூளைக்குச் சமநிலைச் செய்தி கொண்டுபோகும் நரம்பில் வரும் அழற்சி). என் வலது காது வேலைநிறுத்தம் செய்கிறது, இடது காது மட்டும் வேலைக்கு வருகிறது என்று நான் விளங்கிக்கொண்டேன். பேருந்துக்காரிக்கு வேலைநிறுத்தம் நன்றாக விளங்கும்.

"அது திரும்பி வரலாம், வராமலும் போகலாம்," என்றார் வைத்தியர். "வராவிட்டால் மூளை மற்றக் காதை வைத்துச் சமாளிக்கப் பழகும். ஆனால் நீங்கள் அசைந்தால்தான் அது பழகும். படுத்தே கிடந்தால் பழகாது."

"நான் பேருந்து ஓட்டலாமா?"

சமநிலை திரும்பியதென்று எங்கள் நிறுவன வைத்தியர் பரிசோதித்து எழுதித் தரும்வரை ஓட்டக் கூடாது என்றார். அவர் எழுதாவிட்டால் வேறு வேலைதான். சேலை கட்டவே இரண்டு பேர் வேண்டியிருந்த என்னை ஒரு காலத்தில் பெரிய வாகன உரிமம் எடுக்க வைத்தது பிடிவாதம் ஒன்றுதான். பேருந்தின் சுக்கான் என் கையை விட்டுப் போகப்போகிறது என்று நினைத்தபோது அழுதேன்.

சில நாட்களில் கோர்ட்டிசோன் (அழற்சியை அடக்கும் மருந்து) குளிசைகளோடு வீட்டுக்கு வந்தேன். அசைய வேண்டும் என்றார் வைத்தியர். அசையவே கூடாது என்றது சனம்.

எங்கள் ஆட்கள் நோயாளியைத் தனியே விடமாட்டார்கள். தோடம்பழமும் நெஸ்டமோல்ட் சத்துமாப் பெட்டிகளும் வந்து குவிந்தன. பக்கத்துக் கட்டடத்து ராணியக்கா உப்பும் செத்தல் மிளகாயும் கொண்டுவந்து நாவூறு கழித்தா. "அக்கா, எனக்கு ஏற்கனவே சுத்துது," என்று கெஞ்சக் கெஞ்ச, என் தலையை மூன்று முறை சுற்றினா. பிறகு மிளகாயை அடுப்பில் போட, வீட்டுப் புகைமணி அலறியது. நான் அதோடு சேர்ந்து இருமினேன்.

மகள் அபிதான் வழி கண்டுபிடித்தாள். "அம்மா களைச்சுப்போனா" என்றால் எழும்பாத சனம், "அம்மாவுக்கு டெர்மின் இருக்கு" என்றதும் எழும்பிவிடும். வைத்தியரோ அலுவலகமோ நேரம் குறித்துத் தந்தால் அதற்குத்தான் இங்கே டெர்மின் என்று பெயர். வருத்தத்துக்கு அடங்காத எங்கள் சனமும் டெர்மினுக்கு அடங்கும்.

உண்மையான டெர்மின், பெக்கர் அம்மையாரிடம் இருந்தது. இயன்முறைச் சிகிச்சை செய்பவர், சிரிப்பு வந்தாலும் வாயை இறுக்கிக்கொள்பவர். கட்டைவிரலைப் பார்த்தபடி தலையை இடமும் வலமும் ஆட்டச் சொல்வார். கோயில் மாடு தலையாட்டுவது போல ஆட்டினேன். பயிற்சி முடிந்ததும் நானும் என் கணவரும் நடைபாதையில் கைகோத்து நடந்து காட்டுவோம். நாளுக்கு நாள் நடை நன்றாகிக்கொண்டு வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒருநாள் பெக்கர் அம்மையார், "இப்போது கணவர் இல்லாமல்," என்றார்.

நான் ஓரடி வைத்துச் சுவரில் போய்ச் சாய்ந்தேன்.

"பார்த்தீர்களா? உங்கள் சமநிலை இன்னும் காதுக்கு வரவில்லை. அவருடைய முழங்கையில் இருக்கிறது." இவருக்கு அது பாராட்டுப்போலக் கேட்டிருக்க வேண்டும், சிரித்தார். "தட்டையான தரை உங்களுக்கு இனி ஒன்றும் சொல்லித்தராது. காட்டுக்குப் போங்கள். இலை உதிர்க்கிற மரங்கள் உள்ள காடு. நிலம் மேடுபள்ளமாக, சருகு மூடி, வேர் ஓடிக் கிடக்க வேண்டும். சத்தம் இல்லாமல், பேச்சு இல்லாமல், கை பிடிக்காமல்."

அப்படி ஒரு காடு எனக்குத் தெரியும். என் பேருந்தின் கடைசித் தரிப்பிடம் அதன் ஓரத்தில்தான் இருக்கிறது. வருடக்கணக்காக அங்கே பேருந்தைத் திருப்பியிருக்கிறேன். ஒருநாளும் உள்ளே போனதில்லை. கண்ணாடிக்கு அப்பால் மரங்கள் நிற்கும், நான் தேத்தண்ணி குடிப்பேன், கிளம்புவேன்.

முதல் பயணம் பெரும் கூத்து. சத்தமில்லாத காட்டுக்கு இவர், அபி, ராணியக்கா, பாய், ரோல்ஸ், வடை, இரண்டு சுடுதண்ணிப் போத்தல் எல்லாம் வந்தன. ராணியக்கா காட்டுக்குள் நின்று கனடாவிலுள்ள தங்கைக்குத் தொலைபேசி எடுத்து மரங்களைக் காட்டினா. "ஒண்டும் காய்க்காத மரமடி, சும்மா நிக்குது." அவ்வழியால் வந்த ஜேர்மன் தம்பதி எங்களைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்கள். இவர் என் கையை ஒரு கணமும் விடவில்லை.

பெக்கர் அம்மையாரிடம் பொய் சொல்ல முடியவில்லை. அவர் இவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்கள் கைகளுக்கு வேறு வேலை வேண்டும். அடுத்த முறை இரண்டு கையிலும் பாரமான பை. கீழே வைக்கக் கூடாது."

ஆகவே அடுத்த முறை நாங்கள் இருவர் மட்டும் போனோம். இவர் இரண்டு கையிலும் பைகளோடு, சந்தைக்குப் போய் வருகிறவர் போல. ஒரு பையில் சாப்பாடு, மற்றதில் பாரத்துக்காக ஒரு அரிசி மூட்டை.

நாங்கள் போகாத இடைவெளியில் காடு மாறியிருந்தது. பீச் மரங்கள் (பழம் தரும் பீச் அல்ல, உயரமான காட்டு மரம்) அப்போதுதான் துளிர்த்திருந்தன. சூரியன் பட்டால் உள்நரம்பு தெரியும் அளவுக்கு மெல்லிய இலைகள். கீழே போன வருடச் சருகு கணுக்கால்வரை, அதன் இடையிடையே சின்ன வெள்ளைப் பூக்கள். ஏதோ ஒரு பறவை மரத்தைத் தட்டியது, நிறுத்தியது, திரும்பவும் தட்டியது. இவ்வளவு அமைதியை என் வாகனத்தின் இயந்திரம் இத்தனை வருடமாக என்னிடமிருந்து மறைத்துவிட்டது.

முதல் வேரில் நான் தள்ளாடினேன். பைகள் தொப்பென்று விழுந்தன. என் முழங்கை இவர் பிடிக்குள் இருந்தது.

"விடுங்கோ."

"ஏலாது."

"ஏன் ஏலாது? எனக்கு வேலை போகப்போகுது. விடுங்கோ எண்டால்!"

இவர் விடவில்லை. கீழே சருகைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இஞ்சை வரேக்கை, எல்லையிலை இப்பிடி ஒரு காடு. இருட்டு. எங்களைக் கூட்டிக்கொண்டு போனவன் சொன்னது ஒண்டுதான். முன்னுக்குப் போறவன்ரை சட்டையை விடாதையுங்கோ எண்டான். எனக்குப் பின்னாலை வந்த பெடியன் விட்டிட்டான்."

"பிறகு?"

"பிறகு நாங்கள் அவனைக் காணேல்லை."

இவர் களவாக எல்லை கடந்து வந்தவர் என்பது எனக்குத் தெரியும். போருக்குத் தப்பிய எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அப்படித்தான் வந்தார்கள். இந்தப் பெடியனைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒரு சொல் கேட்டதில்லை. என் கையைப் பிடித்திருந்த கைமேல் என் மற்றக் கையை வைத்தேன்.

மெல்லச் சொன்னேன். "இஞ்சை இருட்டில்லை. அங்கை பாருங்கோ, ஒரு கிழவர் நாயோடை போறார். நான் முன்னாலை போறன். நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே வாங்கோ. கண்ணாலை பிடியுங்கோ, கையாலை வேண்டாம்."

என் கையை விட்டார். பிறகு குனிந்து பைகளை எடுத்தார்.

நான் நடந்தேன். பெக்கர் அம்மையார் சொன்னபடி ஒரு மரத்தை இடப்பக்கம் பார், ஒரு மரத்தை வலப்பக்கம் பார். மரங்கள் முதலில் கடல்போல அசைந்தன. உள்ளங்கால்கள் சருகின் அடியில் எதையோ தேடின: இது மண், இது வேர், இது பள்ளம். ஒரு மரத்தில் கை வைத்தேன், பட்டை வழவழப்பாகக் குளிர்ந்தது. கையை எடுத்தேன். நடந்தேன்.

பிறகு விழுந்தேன். ஒரு பள்ளத்தைச் சருகு மூடியிருந்தது. மல்லாந்து மெத்தென்று கிடந்தேன். நோவு எதுவும் இல்லை.

மேலே இலைகள் ஆடின. பயத்தோடு பார்த்தேன். காற்று நின்றது, இலைகளும் நின்றன. மறுபடி காற்று வந்தது, மறுபடி ஆடின. ஆடியது மரம்தான், நான் அல்ல. அத்தனை கிழமைகளுக்குப் பிறகு ஆடவேண்டியது மட்டும் ஆடியது. கிடந்தபடியே சிரித்தேன்.

தலையைத் திருப்பிப் பார்த்தேன். இவர் அதே இடத்தில் நின்றார். முகம் வெளிறியிருந்தது. பைகள் இரண்டும் கையில்தான் இருந்தன.

"எழும்புவீரோ?" என்று கேட்டார்.

"ஓம். எழும்புவன்."

எழும்பினேன். அன்று வடையை நின்றபடியே சாப்பிட்டோம். இவருக்கு இரண்டு வடை கூடக் கொடுத்தேன். விழுந்து எழும்பினது நான் என்றாலும் அன்றைய பெரிய வேலையைச் செய்தது அவர்தான்.

அந்தக் கோடை முழுவதும் போனோம். இலைகள் தடித்துக் கறுத்து, காடு பச்சை நிழலாகும்வரை போனோம். நிறுவன வைத்தியர் ஒரு காலுக்கு முன் மறு காலை வைத்து, கண்ணை மூடி நிற்கச் சொன்னபோது, கண்ணுக்குள் சருகு நிறைந்த நிலத்தை நினைத்துக்கொண்டேன். மறுபடி பேருந்து ஓட்டலாம் என்று எழுதி அவர் கையொப்பம் வைத்தார்.

முழுதாகச் சுகமா என்று கேட்பீர்கள். வலது காது வேலைக்குத் திரும்பவில்லை. இருட்டில் இப்போதும் சுவரைத் தொட்டுத்தான் நடப்பேன், காய்ச்சல் வந்தால் வீடு ஒரு சுற்றுச் சுற்றும். ஆனால் முன்பு நான் அறியாத ஒன்றை அறிகிறேன். நேராக நிற்பது என்பது உடம்பு ஒவ்வொரு கணமும் புதிதாகச் செய்கிற வேலை. அதை இப்போது என் உள்ளங்கால்களில் கேட்கிறேன்.

நேரமும் மாறிவிட்டது. முன்பு கதவு மூடினதும் பேருந்தை எடுப்பேன், நேர அட்டவணைதான் தெய்வம். இப்போது கண்ணாடியில் பார்க்கிறேன். ஒருவர் கையை நீட்டிக் கம்பியைத் தேடும் அந்தச் சின்ன நேரம் எவ்வளவு நீளமானது என்று எனக்குத் தெரியும். எல்லாரும் பிடிக்கும்வரை நிற்கிறேன். கட்டுப்பாட்டு அறை ஏன் பிந்துகிறாய் என்று கேட்கும். கேட்கட்டும்.

போன கிழமை கடைசித் தரிப்பிடத்தில் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். காட்டுக்குள்ளிருந்து இவர் வந்து ஏறினார். லீவு நாள். தனியாகவே நடந்துவிட்டு வந்திருக்கிறார், தனியாக! பழக்கதோசம், இரண்டு கையிலும் பைகள். இருக்கை இருந்தும் நடுவில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் ஒலிவாங்கியை எடுத்து, பயணிகள் அனைவரும் பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஜேர்மன் மொழியில் சொன்னேன். அவர் அசையவில்லை. பிறகு தமிழில் சொன்னேன். "இஞ்சேருங்கோ, பையை வைச்சிட்டுக் கம்பியைப் பிடியுங்கோ. விழப்போறீங்கள்."

பேருந்து முழுவதும் திரும்பிப் பார்த்தது. இவர் ஒரு பையைக் கீழே வைத்துக் கம்பியைப் பிடித்தார். அதற்குப் பிறகுதான் நான் பிரேக்கை விட்டேன்.