ஈரம் காயாத ஜாடி

என் எழுத்து முன்னே பின்னே இருக்கும். படிப்பு ஐந்தாவதோடு சரி. இப்போது மறதி வேறு. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த வாரம் எழுதாமல் இருக்க முடியவில்லை... அப்படி ஒன்று நடந்துவிட்டது.

திருமழிசை தொழிற்சாலை எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனி லேபில் நான் பாத்திரம் கழுவுகிறேன் என்பது இந்தப் பத்திரிகையில் என் கடிதங்களைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். அங்கே மருந்துக்காக ஒரு மாவு செய்கிறார்கள். சாதாரண மாவு இல்லை. ஒவ்வொரு துகளிலும் கண்ணுக்கே தெரியாத ஓட்டைகள் — தேன்கூடு மாதிரி. அதற்குள் மருந்தை அடைத்துவிட்டால், உடம்புக்குள் போய் மெதுவாக வெளியே வருமாம்.

முன்பு அதை ஒரு கெமிக்கலில் போட்டு நாள்கணக்கில் சூடாக்குவார்கள். மீன் நாற்றம். கழுவும்போது தலை சுற்றும். மிச்சத்தை டிரம் டிரம்மாக லாரியில் ஏற்ற வேண்டும். லேபைப் பார்த்துக்கொள்ளும் ரெஜினா மேடம் அதை ஒழிப்பதற்காக ஓர் அரைக்கும் மெஷின் கொண்டுவந்தார். ஜாடியில் இரும்பு உப்பு, ஒரு புளிப்புப் பவுடர், கனமான குண்டுகள். சூடு வேண்டாம், கெமிக்கல் வேண்டாம். அரைத்தால் போதும்!

ஆனால் மாவு வரவில்லையே... இரண்டு வாரம் அரைத்தும் இரண்டு பவுடரும் தனித்தனியாகவே கிடந்தன.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வரலேன்னா பழைய கெமிக்கலுக்கே போகச் சொல்லிட்டாங்கம்மா" என்றார் மேடம்.

புதன்கிழமை அரைத்ததில் மாவு வந்துவிட்டது. மேடம் துள்ளாத குறை. வியாழன் காலை, அதே அளவு, அதே நேரம் அரைத்தார் — வரவில்லை.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கழுவிய ஜாடியை ஓவனில் காயவைப்பது என் வேலை. செவ்வாய் சாயங்காலம் பஸ் அவசரத்தில் மறந்து, ஈரத்தோடு மூடி வைத்துவிட்டேன். புதன்கிழமை அரைத்தது அதில்தான்.

கூட கழுவும் கன்னியம்மாவிடம் சொன்னேன்.

"யக்கா, கம்முனு கெட. வயசாயிடுச்சின்னு ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க. அந்தம்மா படிச்சவங்கதானே, அவங்களே கண்டுபுடிக்கட்டும்."

நியாயம்தானே? நாலு பேர் எதிரில் எனக்குப் பேச்சும் வராது. ஆனால் விடிந்தால் வெள்ளி... மறுபடி அந்த டிரம்களா?

போய் நின்றேன். "புதன்கிழமை ஜாடி காயல மேடம். நான்தான் மறந்துட்டேன்."

மேடம் எழுந்தேவிட்டார். "எவ்ளோ தண்ணிம்மா இருந்திருக்கும்?"

"அடியில முத்து முத்தா ஒட்டிக்கினு இருந்திருக்கும்."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நாலஞ்சு சொட்டு தண்ணி விட்டு அரைக்கலாம்னு படிச்சிருக்கேன். ஒண்ணுமே ஊத்தாம செஞ்சு காட்டணும்னு நான்தான் பிடிவாதமா இருந்தேன்."

பின்னால் கன்னியம்மா முனகினாள். "இன்னாக்கா, இனிமே நீ மறந்தா திட்டக்கூட முடியாது போலக்கீது."

வெள்ளிக்கிழமை சொட்டுகளை எண்ணி விட்டு மூன்று ஜாடி அரைத்தார்கள். மூன்றிலும் மாவு வந்தது! தண்ணீர்... வெறும் தண்ணீர்! பழையபடி செய்ய வரவழைத்திருந்த கெமிக்கல் டிரம்கள், வந்த லாரியிலேயே திரும்பிப் போயின.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது வெறும் மறதியாகவே போயிருக்கும். எத்தனை இடத்தில் எத்தனை பேர் இப்படி பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்களோ?

எண்ணிய சொட்டு ஐந்தா ஆறா என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம். பத்திரிகை ஆசிரியர்தான் யாரையாவது விட்டு மேடத்திடம் சரிபார்த்துப் போட வேண்டும் — தப்பாக அச்சாகிவிட்டால், எங்கேயோ இன்னொரு மேடம் இரண்டு வாரம் அரைத்துக்கொண்டிருப்பார்.